லேபிளில் பொடி எழுத்தில் இருந்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் கிங்ஸ்மென் என்ற இசைக்குழு 'லூயி லூயி' என்று ஓர் ஆபாசப் பாட்டை எழுதிப் பாடியதாகவும், அரசாங்கம் அதைத் தடை செய்ததாகவும், தடை செய்ததாலேயே அது பிய்த்துக்கொண்டு விற்றதாகவும் பத்துப் பன்னிரண்டு வரி. எல்லாமே தப்பு என்று சொல்லமாட்டேன், கிங்ஸ்மென் என்ற பெயரும் அமெரிக்கா என்ற நாடும் சரிதான். மற்றபடி அந்தப் பாட்டை அவர்கள் எழுதவில்லை, பாட்டின் வரிகளில் ஆபாசம் இல்லை, அமெரிக்க அரசு தடை செய்யவும் இல்லை. இதற்கெல்லாம் உட்கார்ந்து கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான். பேப்பர் வந்ததும் முதலில் கண்ணீர் அஞ்சலிப் பக்கம், அப்புறம் மழை எத்தனை செண்டிமீட்டர், அப்புறம் கிரிக்கெட், அவ்வளவுதான், மடித்து வைத்துவிடுவேன். ஆனால் இது எங்கள் வீட்டுப் பாட்டு. அந்த இசைத்தட்டு 40 வருடமாக என்னிடம் இருக்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சயான் கோலிவாடாவில் மைக் செட் வைத்திருந்தவன். ஆடி மாதம் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் அம்மன் கோயில் கொடை, பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, நடுவில் கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று 30 வருடம் குழாய் ஸ்பீக்கரைத் தோளில் சுமந்து ஏணி ஏறியவன். சங்கீதம் தெரியுமா என்றால் தெரியாது. மைக்கை எங்கே வைத்தால் என்ன ஆகும் என்பது தெரியும், இந்தப் பாட்டுக்கு அது போதும்.

1984ஆக இருக்கும், ஓர் ஆம்ப்ளிஃபையருக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேடி, பழைய சாமான் விற்கிற சோர் பஜார் போயிருந்தேன். கப்பலில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் கொண்டுவந்து தள்ளிவிடுகிற வெளிநாட்டுத் தட்டுகள் அந்த நாளில் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். உறை கூட இல்லாமல், பழைய இந்திப் படத் தட்டுகளுக்கு நடுவே, ஒரு சின்னத் தட்டு. கடைக்காரர் 10 ரூபாய் சொன்னார், 6 ரூபாய்க்கு வாங்கினேன். அமெரிக்காவில் செய்த 45 ஆர்.பி.எம். தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்றுகிற தட்டு என்பதால் நடுவில் ஓட்டை பெரிசு, நம் பிளேயரின் நடுக்கம்பியில் போட்டால் வளையல் மாதிரி ஆடுகிறது. அதற்கென்று ஒரு வில்லை உண்டு, அதை எங்கே போய்த் தேடுவது? எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், கீழ் வீட்டில் இருந்த அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், தாராவியில் தோல் வேலை பார்த்தவர், செருப்பு அட்டைத் தோலில் வட்டமாக ஒரு வில்லை வெட்டி, நடுவில் ஆணியால் துளை போட்டுக் கொடுத்தார். இன்று வரைக்கும் அந்த வில்லையில்தான் அது சுற்றுகிறது. இந்த அண்ணாச்சி பின்னாலும் வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி போட்டுக் கேட்டோம். ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, அதனால் என்று நினைத்தேன். அடுப்படியில் இருந்த அம்மாதான் சொன்னாள், "யாருடா இவன், பல்வலிக்காரன் மாதிரி கத்துறான்?" என்று. பல வருடம் கழித்து அந்தப் பாட்டின் கதையைத் தேடித் தேடிப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பாடிய ஜாக் ஈலி என்ற பையனுக்கு அப்போது 19 வயது, பல்லில் கம்பி கட்டியிருந்தானாம். அம்மா அப்போது இல்லை, சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாமல் போச்சு.

சரி, பாட்டுக்கு வருகிறேன். 1963 ஏப்ரல் 6ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்ற ஊர். ஐந்து பையன்கள். முந்தின ராத்திரி இதே ஒரே பாட்டை ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் வாசித்துத் தொண்டை கட்டிப்போய் வந்திருக்கிறார்கள். ஸ்டுடியோ செலவு ஏறக்குறைய 50 டாலர். பாடுகிறவனுக்கான மைக்கை உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவன் தலையை அண்ணாந்துகொண்டு கத்தவேண்டும், சுற்றிலும் டிரம்மும் கிட்டார்களின் ஆம்ப்ளிஃபையர்களும். ஒத்திகை என்று நினைத்து வாசித்தார்கள், அதுவே பதிவாகிவிட்டது. முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதை நானே ஒரு தடவை செய்து அவமானப்பட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாடகத்துக்கு ஸ்டாண்டு வைத்தால் பிள்ளைகள் தட்டிவிடுகிறார்களே என்று, மேடைக்கு மேலே இருந்த ஃபேன் கொக்கியில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் நாலு அடி. பக்கத்தில் தபேலாவும் ஆர்மோனியமும் என்ன சத்தம் போடுகின்றனவோ அதுவும், கட்டபொம்மன் வேஷம் போட்ட பையன் என்ன கத்துகிறானோ அதுவும், மைக்குக்கு ஒரே அளவாகத்தான் போய்ச் சேரும். பையன் இன்னும் கத்துவான். கத்தக் கத்த எழுத்து கரையும். நம் பாஷையில் சொல்வதென்றால் கசடதபற எல்லாம் காற்றில் போய்விடும், அ ஆ இ ஈ மட்டும் ஹாலுக்கு வந்து சேரும். தலைமையாசிரியர் அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். நியாயம்தான். ஆக, தொங்குகிற மைக், பல்லில் கம்பி, முந்தின ராத்திரியின் தொண்டைக்கட்டு, மூன்றும் சேர்ந்ததுதான் உங்கள் 'ஆபாசம்'. புரியாத வார்த்தையைக் கேட்டால் அவரவர் மனசில் இருப்பதை அவரவர் நிரப்பிக்கொள்வார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. நடுவில் ஒரு கிட்டார் தனி வாசிப்பு வரும். அது முடிந்து பாடகன் உள்ளே வரவேண்டும். ஈலி முன்னாலேயே வந்துவிடுகிறான். ஒன்றிரண்டு அசை பாடிவிட்டு, ஐயோ இடம் வரவில்லையே என்று வாயை மூடிக்கொள்கிறான், டிரம் வாசிக்கிறவன் ஓர் உருட்டு உருட்டி அந்த ஓட்டையை அடைக்கிறான், அப்புறம் சரியான இடத்தில் பாட்டு தொடர்கிறது. சண்முகானந்தா ஹாலில் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது புரியும், எடுப்பு தவறினால் மிருதங்கக்காரர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வருமே, அதே தான். கச்சேரி என்றால் அதோடு போய்விடும். இங்கே அந்தத் தவறு பிளாஸ்டிக்கில் அச்சாகி உலகமெல்லாம் போனது, அப்புறம் அந்தப் பாட்டை வாசித்த எத்தனையோ குழுக்கள் வேண்டுமென்றே அந்த இடத்தில் தப்பு செய்யப் பழகிக்கொண்டார்கள்.

சண்முகானந்தா என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மாதிரிச் சங்கீதத்தை கராஜ் ராக் என்கிறார்கள், கார் நிறுத்துகிற கொட்டகையில் பையன்கள் கூடி வாசித்ததால் பிற்பாடு வந்த பெயர். மும்பையில் காருக்கே இடமில்லை, கொட்டகைக்கு எங்கே போவது. ஆனாலும் இங்கேயும் இருந்தது. சிம்லா என்று ஒரு சிகரெட், அதன் விளம்பரத்துக்காக சிம்லா பீட் என்று இந்தியா பூராவும் இசைக்குழுப் போட்டி நடத்தி, இறுதிச் சுற்றை நம் சண்முகானந்தாவில்தான் வைத்தார்கள். நான் சின்னப் பையன். அங்கே மின்வேலை பார்த்த என் மாமா பக்கவாட்டு வாசல் வழியாக என்னை உள்ளே விட்டார். நீள முடி, பெல்பாட்டம், ஒரே இரைச்சல். முந்தின வாரம் அதே மேடையில் வயலின் கச்சேரி நடந்ததாக மாமா தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் போட்டிக் குழுக்களின் பாட்டுகள் 1970லும் 71லும் இரண்டு எல்.பி. தட்டுகளாக வந்தன, இப்போது வெளிநாட்டுக்காரர்கள் அவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள், அங்கே மறுபதிப்பே போட்டார்கள். நம் ஊர் சமாச்சாரம், இதைப் பற்றி ஒரு பெட்டி போடுங்களேன்.

கிங்ஸ்மென் தட்டு வெளியானது 1963 மே மாத வாக்கில். ஜெர்டன் என்ற உள்ளூர்ச் சின்னக் கம்பெனி போட்டது. ஏ பக்கம் 'லூயி லூயி', பி பக்கம் பாட்டே இல்லாத வெறும் வாத்தியம். அந்தக் குழுவின் முதல் தட்டு அதுதான். சில நூறுதான் போயிருக்கும். வேடிக்கை என்னவென்றால் இவர்கள் பதிவு செய்த சில நாளிலேயே, அதே ஸ்டுடியோவில், பால் ரிவியர் அண்ட் த ரெய்டர்ஸ் என்ற இன்னொரு குழுவும் இதே பாட்டைப் பதிவு செய்தது. அவர்களுக்குக் கொலம்பியா என்ற பெரிய கம்பெனி கை கொடுத்தது, உள்ளூரில் அவர்கள் தட்டுதான் முன்னால் நின்றது. இந்தப் பையன்களின் தட்டு அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. தூரத்தில் பாஸ்டன் நகரத்தில் ஆர்னி கின்ஸ்பர்க் என்ற வானொலி அறிவிப்பாளர், இந்த வாரத்தின் மட்டமான தட்டு இது என்று கேலியாக அதைப் போட்டார். கேட்ட ஜனம் மறுபடி போடு என்று போன் மேல் போன். நியூயார்க்கின் வாண்ட் கம்பெனி அதை வாங்கி நாடு முழுக்க விட்டது. என்னிடம் இருப்பது அந்த வாண்ட் தட்டு. 1963 டிசம்பரில், அமெரிக்காவில் எந்தப் பாட்டு முன்னணியில் என்று வரிசைப்படுத்துகிற பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம். முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு கன்னியாஸ்திரி. கிட்டாரோடு அவர் பாடிய பக்திப் பாட்டு.

இங்கே கொஞ்சம் தேதியைக் கவனியுங்கள் ஐயா. இரண்டாம் இடம் 1963 டிசம்பரில். புகார் கிளம்பியது 1964 தொடக்கத்தில். பிள்ளைகள் தாங்களாகவே கெட்ட வார்த்தை போட்டு வரிகள் எழுதி, இதுதான் அசல் பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் துண்டுக் காகிதத்தில் சுற்ற விட்டார்கள். அது ஒரு பெற்றோர் கையில் சிக்கியது, அவர் நேரே நாட்டின் சட்டத்துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் எழுதினார். இண்டியானா மாநிலத்து ஆளுநர் மேத்யூ வெல்ஷ், இதைப் போடாதீர்கள் என்று தன் மாநிலத்து வானொலி நிலையங்களைக் கேட்டுக்கொண்டார். ஓர் ஆளுநரின் வேண்டுகோள்தான் உங்கள் துணுக்கில் நாடு தழுவிய தடையாக வளர்ந்திருக்கிறது. தடையால் விற்றது என்கிறீர்கள், அது ஏற்கனவே விற்று உச்சியில் உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம்.

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. விசாரித்தது மட்டும் நிஜம். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தார்கள், கோப்பு 100 பக்கம் தாண்டியது. சோதனைக்கூடத்தில் தட்டை 45ல் சுற்றினார்கள், 33ல் சுற்றினார்கள், 78ல் சுற்றினார்கள். கடைசியில், எந்த வேகத்தில் சுற்றினாலும் ஒன்றும் புரியவில்லை என்று எழுதி மூடினார்கள். எங்கள் அம்மா ஒரே தடவையில் சொன்னது. இதில் இன்னொரு தமாஷ், பாட்டு தொடங்கி சுமார் 54 வினாடியில் பின்னணியில் ஒரு கத்தல் கேட்கும், டிரம் வாசித்த லின் ஈஸ்டன் குச்சி தவறியபோது விட்ட ஒரு வசவு என்பார்கள். உண்மையான கெட்ட வார்த்தை அங்கே ஒரு மூலையில் கிடக்க, இவர்கள் பாட்டின் வரிகளில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது வரிகளில்? ஒரு ஜமைக்கா மாலுமி, மதுக்கடையில் உட்கார்ந்து, கடையில் ஊற்றிக் கொடுக்கிற லூயி என்பவனிடம் புலம்புகிறான். ஊரில் எனக்கு ஒருத்தி காத்திருக்கிறாள், கடலில் மூன்று ராத்திரி மூன்று பகல் அவள் நினைப்பாகவே வந்தேன், நான் கிளம்பணும் லூயி, அவ்வளவுதான் சாரம். துபாய்க்கும் கப்பலுக்கும் ஆள் அனுப்பிய எந்த வீட்டிலும் புரிகிற பாட்டு. கப்பல்காரன் பாட்டு கப்பல்காரர்கள் வழியாகவே சோர் பஜாருக்கு வந்து சேர்ந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இதை எழுதியவர்தான் உங்கள் துணுக்கில் இல்லாத ஆள். ரிச்சர்ட் பெர்ரி. லூயிசியானாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த கறுப்பினப் பாடகர். 1955ல், ஒரு நடன அரங்கில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது, மேடையில் வேறு குழு வாசித்த ஒரு கியூபா சா-சா-சா மெட்டு காதில் விழுந்திருக்கிறது. கைக்குக் கிடைத்த கழிப்பறைக் காகிதத்தில் வரிகளை எழுதிக்கொண்டார் என்று சொல்வார்கள். 1957ல் ஃப்ளிப் என்ற கம்பெனி அதைத் தட்டாகப் போட்டது, அதுவும் பி பக்கத்தில். மேற்குக் கரையில் ஓரளவு ஓடியது, அப்புறம் மறந்துபோனார்கள். அந்தக் காலத்திலேயே, 1950கள் முடிவதற்குள், தன் கல்யாணச் செலவுக்காக பெர்ரி அந்தப் பாட்டின் உரிமையை 750 டாலருக்குக் கம்பெனி முதலாளிக்கே விற்றுவிட்டார். ரேடியோவில் டி.வி.யில் ஒலிபரப்பினால் வருகிற பங்கு மட்டும் கொஞ்சம் கையில் நின்றது. தட்டு விற்ற காசு அவருக்கு இல்லை.

அப்புறம் வடக்கே டகோமா என்ற ஊரில் வெய்லர்ஸ் என்ற குழுவும் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்ற பாடகரும் அந்தப் பழைய தட்டை எங்கிருந்தோ எடுத்து 1961ல் தங்கள் பாணியில் விட்டார்கள். அதை, காசு போட்டால் தட்டு சுற்றுகிற ஜூக் பாக்ஸ் பெட்டியில் கேட்டுத்தான் ஈலி பாடம் பண்ணினான், பாடம் பண்ணியதிலும் தப்பு. மேஜையில் விரலால் தட்டிப் பாருங்கள். அசலில் ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு. ஈலியிடம் ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு. ஒரு தட்டு விழுந்துவிட்டது. பெர்ரியின் அசலைக் கேட்டால் இடுப்பை மெல்ல அசைக்கத் தோன்றும், கிங்ஸ்மென் பாடியதைக் கேட்டால் பெஞ்சு மேல் ஏறத் தோன்றும். வித்தியாசம் அந்த ஒரு தட்டுதான் என்பது என் கட்சி, சங்கீதம் தெரிந்தவர்கள் மறுக்கலாம்.

சரி, பெர்ரிக்கு என்ன ஆச்சு? நான் சோர் பஜாரில் 6 ரூபாய் கொடுத்த அந்தக் காலத்தில், உலகமே பாடிய பாட்டை எழுதிய மனுஷர் லாஸ் ஏஞ்சலிஸில் தாயார் வீட்டில், அரசாங்க உதவிப் பணத்தில் இருந்தார். என் தட்டின் லேபிளில் அவர் பெயர் இருந்தது. பாட்டின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில். கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், நான் அதை ஏதோ கம்பெனி பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எஃப்.பி.ஐ. மூன்று வேகத்தில் சுற்றிய தட்டிலும் அந்தப் பெயர் இருந்திருக்கும். 1980களின் நடுவில், ஒயின் கலந்த குளிர்பானம் விற்கிற ஒரு கம்பெனி இந்தப் பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டது, அதற்கு எழுதியவர் கையெழுத்து வேண்டும் என்று தேடிக்கொண்டு போனார்கள். அதைத் தொட்டு வக்கீல்கள் வந்து, வழக்கு என்று பேச்செழுந்து, சமரசமாகி, உரிமையும் பெரிய தொகையும் அவர் கைக்கு வந்தது. 1997ல் காலமானார். பத்து வருடமாவது நிம்மதியாக இருந்திருப்பார்.

பாடினவன் கதையும் சுகமில்லை. தட்டு வெளிவந்து சில மாதத்திலேயே, குழுவின் பெயரைத் தன் அம்மா பதிவு செய்து வைத்திருக்கிறாள், இனிமேல் பாடுவது நான்தான், நீ டிரம் வாசி என்றார் ஈஸ்டன். ஈலி கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டான். அப்புறம்தான் பாட்டு ஹிட். டி.வி.யில் ஈஸ்டன் வாயசைக்க, வருவது ஈலியின் குரல். வழக்குப் போட்டு, 1966ல் 6000 டாலரும், இனி அச்சாகும் தட்டுகளில் ஈலி பெயரைப் போடவேண்டும் என்ற ஒப்பந்தமும் கிடைத்தது. குழுவுக்கும் கம்பெனியிடமிருந்து வருடக்கணக்காக ராயல்டி வரவில்லை, அவர்கள் கோர்ட்டில் ஜெயித்துத் தங்கள் பதிவைத் திரும்பப் பெற 1998 ஆகிவிட்டது. 35 வருடம்.

இதெல்லாம் அமெரிக்கா, நமக்கென்ன என்று நினைப்பீர்கள். மறுபடி அந்த அண்ணாச்சியிடம் வருகிறேன், செருப்புத் தோலில் வில்லை வெட்டிக் கொடுத்தவர். அவர் அம்மன் பாட்டு எழுதுவார். தோல் தைக்கிற மேஜையிலேயே, சாமான் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். கொடைக்கு என் மைக்கில் அவரே பாடுவார், குரல் சுமார், பாட்டு பிரமாதம். 1993ல் மூத்த மகள் கல்யாணம். ஒரு கேசட் கம்பெனிக்காரர் எட்டுப் பாட்டையும் மொத்தமாக 1500 ரூபாய்க்கு எழுதி வாங்கிக்கொண்டு போனார். வேறு யாரோ பாடி கேசட் வந்தது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், பாடியவர் பெயர் இருந்தது, தயாரிப்பாளர் பெயர் இருந்தது, அம்மனுக்கு ஒரு படம் இருந்தது. இவர் பெயர் பொடி எழுத்தில் கூட இல்லை. அடுத்த ஆடியில் விழாக்காரர்கள் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்து இதைப் போடு என்று என்னிடமே கொடுத்தார்கள். போட்டேன், என் தொழில் அது. அண்ணாச்சி மைக் செட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரெண்டாவது சரணத்தில் ஒரு வார்த்தையை மாத்திட்டானுக என்று மட்டும் சொன்னார்.

2012ல் நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்துக்கோ இசைப் பதிவுக்கோ பாட்டு எழுதினவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை அப்படி ஒரேயடியாக விட்டுக்கொடுக்க முடியாது, கம்பெனிக்காரர் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது என்று ஆனது. அண்ணாச்சிக்கு அது காலம் கடந்து வந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டார், பாட்டு மட்டும் ஒவ்வொரு ஆடிக்கும் 90 அடி ரோட்டில் ஒலிக்கிறது, இப்போது பென் டிரைவில்.

அதனால்தான் உங்கள் துணுக்கைப் படித்ததும் எரிச்சல் வந்தது. ரேடியோ கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசா? படம் எது, பாடியது யார், பாடல் யாருடையது, இசை யாருடையது, எல்லாம் சொன்ன பிறகுதானே தட்டே சுற்றும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கவிஞர்களின் பெயரை மனப்பாடம் செய்த ஜனம் நாம். நீங்கள் பாடினவர்கள் பெயரைப் போட்டு, எழுதினதும் அவர்களே என்று சேர்த்துவிட்டீர்கள், நடக்காத தடையையும் போட்டீர்கள், 750 டாலரை விட்டுவிட்டீர்கள்.

வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவுப் பெட்டியில் ஒரு திருத்தம் போடுங்கள். 'லூயி லூயி', எழுதி இசையமைத்தவர் ரிச்சர்ட் பெர்ரி, 1957. கிங்ஸ்மென் பாடியது 1963, குரல் ஜாக் ஈலி. இரண்டு வரி போதும். பொடி எழுத்தில் போடாதீர்கள், எனக்கு இப்போது அது தெரிவதில்லை.

இப்படிக்கு,
மைக் செட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகன்,
சயான் கோலிவாடா, மும்பை.

பி.கு.: துணுக்கோடு நீங்கள் போட்டிருந்த படத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். கிங்ஸ்மென் ஐந்து பேர். அது யார் படம் என்று என் பேரனைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.